முப்பிடாதிக்காக வாசித்தது

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று முதல் எட்டு வாரம் இந்தப் பள்ளியில்தான் பயிற்சி. பி.எட். கல்லூரியில் ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பேராசிரியர் திருத்துவார். அதில் அவர்களுக்குப் பிடித்ததை எழுதுவேன். இந்த நோட்டு எனக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி: பெயர் உலகம்மாள், வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வயதில் நைட்டி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவள். இன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை. செல்போனில் துணியைக் காட்டியே பாதி வியாபாரம் முடிகிறது. பி.ஏ. தமிழை அஞ்சல் வழியில் படித்தேன், கடையில் உட்கார்ந்தே. டீச்சராக வேண்டும் என்று ஏன் ஆசை என்று கேட்கிறார்கள். வியாபாரத்தில் எனக்கு இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால்தான்.

பயிற்சி முடிவில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். தலைப்பு: 'வகுப்பறையில் தொழில்நுட்பமும் இணையதளங்களும்: ஓர் எதிர்கால ஆசிரியரின் எண்ணங்கள்'. மற்ற பெண்கள் பயப்படுகிறார்கள். எனக்கு இது அல்வா. பார்க்கிறவர்களுக்குக் காட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆறாம் வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள். சுவரில் பெரிய டிவி இருக்கிறது. இதுவரை யாரும் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. நான் கிழித்தேன். ஒரு இணையதளத்திலிருந்து பாட்டோடு செய்யுள் போட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மணி அடித்தும் போகவில்லை. "இன்னொருக்கப் போடுங்க மிஸ்" என்றார்கள். தலைமையாசிரியர் திரவியம் சார் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்று கவனித்தேன். மூன்றாம் பெஞ்சில் முப்பிடாதி என்றொரு பெண். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவள் வாய் அரை நொடி பிந்தி அசைகிறது. கேட்டுவிட்டுச் சொல்கிறாள். தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னால், "கண்ணு வலிக்கி மிஸ்" என்றாள். கடையில் இப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலைச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், கண்ணாடி கொண்டு வரவில்லை என்பார்கள். நானும் வாசித்துச் சொல்லிவிடுவேன். வற்புறுத்தினால் அடுத்த முறை கடைக்கு வரமாட்டார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்

மதியத்துக்கு மேல் ஜெசிந்தாவின் வகுப்பைப் பார்த்தேன். அவள் தன்னார்வலர். எங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பத்துப் பிள்ளைகளை லேப் ஓரத்தில் உட்கார வைத்து, ஒரு வருஷமாகத் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறாள். டிவி இல்லை, போன் இல்லை. பிஸ்கட் உறை, சோப்பு அட்டை, பஸ் டிக்கெட் என்று எதையாவது கையில் கொடுத்து எழுத்துத் தேடச் சொல்கிறாள். எனக்குப் பார்க்கவே கொட்டாவி வந்தது.

"முப்பிடாதி எப்படி?" என்றேன்.

"ஒத்தக் கொம்பு தாண்டிட்டாக்கா. 'கெ' சொல்லுவா. இனி ரெட்டைக் கொம்பு. தீவாளிக்குள்ள சின்னச் சின்ன வார்த்தை வாசிச்சிருவா."

"ஒரு வருசமா ஒரு கொம்பா?"

அவள் சிரித்தாள். "அவ இதுவரைக்கும் காதாலயேல்லாக்கா படிச்சிருக்கா. ஒருவாட்டி கேட்டா அப்படியே சொல்லிருவா. அந்தப் பழக்கத்தை விட வைக்கதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துட்டு."

ஒரு பள்ளியில் குறைந்தது பத்துப் பேராவது வாசிக்கத் தெரியாதவர்களாக இருந்தால்தான் தன்னார்வலர் உண்டாம். "பத்துப் பேரு கரெக்டா இருக்காங்க, எம்பொழப்பு ஓடுது" என்றாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

திரவியம் சார் கூப்பிட்டார். மேலிருந்து ஓர் ஆப் வந்திருக்கிறது. பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும். திரையில் வருகிற பத்தியைப் பிள்ளை வாசிக்க வேண்டும். ஆப் அதைக் கேட்டு, பூஜ்யம் முதல் நாலு வரை படி போடும். பூஜ்யம் என்றால் வாசிக்கத் தெரியாது, நாலு என்றால் சரளம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆறாம் வகுப்பு முழுவதும் முடிய வேண்டும்.

"நீங்க செல்லுலயே யாவாரம் பண்ணுதவங்க. எங்களுக்கு இதுல கை ஓடாது. பாத்துருங்கம்மா."

பெருமையாக இருந்தது. மறைப்பானேன். கட்டுரைக்கும் நல்ல விஷயம் கிடைத்துவிட்டது. 'மனிதர் போடும் மதிப்பெண்ணில் முகதாட்சண்யம் உண்டு. இயந்திரத்துக்குத் தாட்சண்யம் இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு நாளில் பதினெட்டுப் பேர்தான் முடிந்திருக்கிறார்கள். சிக்னல் வாசல் படியில் நின்றால்தான் கிடைக்கிறது. அங்கே நின்றால் லாரிச் சத்தம். வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் ஜெயமாலா. அவளுக்கு ஒன்று போட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் ழகரமும் இழுவையும் அதற்குப் பிடிபடவில்லை. சும்மா சோதித்துப் பார்க்க நானே வாசித்தேன். நாலு வந்தது. அதைச் சேமிக்கவில்லை.

ஜெயமாலாவுக்கு வந்த ஒன்றையும் சேமிக்கவில்லை, மறுபடி வைக்க வேண்டும். மெதுவாக வாசிப்பவர்களையும் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். சீக்கிரம் நகர்கிற சரக்கை முதலில் நகர்த்துவது என் பழக்கம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முடிந்தது. நாற்பத்தொரு பேரும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு. திரவியம் சார் டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்கள் பள்ளி வட்டாரத்தில் முதலிடம். வாட்ஸ்அப்பில் பச்சை நிறத்தில் படம் வந்திருக்கிறது. மதியமே இன்னொரு தகவலும் வந்தது: வாசிக்கத் தெரியாதவர்கள் பத்துக்குக் குறைவாக உள்ள பள்ளிகளில் தன்னார்வலர் பணி முடித்துக்கொள்ளப்படுகிறது.

எங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். பூஜ்யம்.

இப்படியா கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவார்கள்? நேரில் வந்து ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்டிருக்கலாமே. இணையதளத்தில் இருப்பதை அப்படியே நம்பினால் எப்படி?

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். ஜெசிந்தா தன் சோப்பு அட்டைகளை ஒரு கட்டைப்பையில் எடுத்துப் போக வந்தாள்.

"எக்கா, பத்துப் பேருக்கும் நாலு வந்திருக்கு. நான் ஒரு வருசம் கெடந்து உருளுதேன், எனக்குத் தெரியாம எப்பக்கா படிச்சாங்க? யாரு டெஸ்ட் எடுத்தது?"

"ஆப்தான் எடுத்துது" என்றேன்.

அவள் கடைசி அட்டையையும் பைக்குள் போட்டாள். பிறகு, "நல்லா எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டுதானே.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி மூன்றேகால் மணிக்கு மிச்சம் பதினோரு பேர். ஜெசிந்தாவின் பத்துப் பேர், கூட ஜெயமாலா. ஜெயமாலாவை நிறுத்தினேன், மறுபடி ஒன்றுதான் வந்தது. இவளுக்கு ஒன்று என்பது அநியாயம், நாம் வாசித்தால் நியாயமான படி வந்துவிடும் என்று நினைத்தேன். அவளைப் போட்டோ எடுத்துவிட்டு நான் வாசித்தேன். நாலு. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. அடுத்தது யார் என்று பார்த்தேன். மணி மூன்று இருபத்தைந்து. அடுத்தவனுக்கும் நானே வாசித்தேன்.

கடைக்கு வங்கியிலிருந்து பார்வையிட வரும் நாளில் மேல் தட்டில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைப்போம். வந்தவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் எழுதிக்கொண்டு போவார். யாருக்கும் நஷ்டமில்லை. இதையும் அப்படித்தான் நினைத்தேன். மேலிருந்து கேட்கிறார்கள், தட்டு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று. அந்தப் பெட்டிகளை எண்ணிப் பார்த்து ஜெசிந்தாவை நிறுத்துவார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து நிறுத்தியது முப்பிடாதி. பத்துத் தடவையும் கதவோரம் நின்று கேட்டாள். கடைசியாக அவள் முறை. போட்டோவுக்குச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டாள். நான் வாசித்தேன். தொண்ணூற்றாறு சதவீதம் என்று வந்தது.

"மிஸ், நான் பாஸா?"

"பாஸ்தான்."

அவள் குதித்துக்கொண்டு ஓடினாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆப்பில் திருத்த இடமில்லை. பதிவான படியைத் தொட்டால் 'நிறைவுற்றது' என்று மட்டும் வருகிறது. இரண்டு மணி நேரம் தடவிப் பார்த்தேன். என் போனில் எனக்குத் தெரியாத வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

திரவியம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா சார்?"

"நாலு மணிக்கு முடிக்கலேன்னா எனக்குல்லா நோட்டீஸ் வரும். சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"எழுதித் தாரேன். மேல அனுப்புங்க."

"எழுதுங்க. என்னன்னு எழுதுவீங்க? பதினோரு பிள்ளைக்கும் நானே வாசிச்சேன்னா? அது ஆள்மாறாட்டம்னு உங்க காலேஜுக்குப் போவும். ரெண்டு வருசப் படிப்பு. உங்க பயிற்சிச் சான்றுல நாந்தான் கையெழுத்துப் போடணும், அது ஞாபகம் இருக்கட்டும். மெரட்டுதேன்னு நெனைக்காதீங்க. நடக்கப் போறதைச் சொல்லுதேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம், கையெழுத்தோடு. அவர் அதை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மூடிய சத்தம் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இருப்புக் கொள்ளாமல் நானே வட்டார அலுவலகம் போனேன். கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"எடிட் பண்ற வசதி எங்ககிட்ட இல்லம்மா. மேல திறந்துவிடணும். அதுக்குக் கோரிக்கை போடணும்."

"போடுங்க."

"ஹெச்.எம். ஐ.டி.லதான் போட முடியும்."

"அவர் போட மாட்டேங்காரே."

"அப்ப எங்களுக்கு அப்படி ஒரு தப்பே வரலையேம்மா." திரையைத் திருப்பிக் காட்டினான். பச்சையாக இருந்தது. "அடுத்த அளவீடு வர்ற ஜூன்ல. அப்போ சரியாப் போட்டுருங்க."

கடையில் ஒரு சரக்கு சரியில்லையென்றால் யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். சண்டை போட ஆளே இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஜெசிந்தா இல்லையென்றால் என்ன, நாமே சொல்லிக் கொடுப்போம் என்று போன வாரம் சாப்பாட்டு மணியில் முப்பிடாதியை உட்கார வைத்தேன். எழுத்து சொல்லித் தரும் இணையதளம் ஒன்றைப் போனில் திறந்தேன். தொட்டால் எழுத்து ஆடும், பாடும். அவளுக்கு ஒரே குஷி. மூன்றாம் நாள் எல்லா எழுத்தையும் கடகடவென்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, 'கே'யைக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

"சத்தம் வரலையே மிஸ்."

"சத்தம் வேண்டாம். எழுத்தைப் பாத்துச் சொல்லு."

வெகுநேரம் பார்த்தாள். "கிளிப்படம் வாரதுக்கு முன்னாடி உள்ளது" என்றாள்.

மறுநாள் பிஸ்கட் உறை கொண்டு போனேன். ஜெசிந்தா செய்ததைப் போலவே செய்தேன். அவள் செய்தபோது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து, பிள்ளை தவறினால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எதுவும் தெரியவில்லை. காத்திருக்க முடியாமல் நானே விடையைச் சொன்னேன். சொன்னதும் அவள் திருப்பிச் சொன்னாள், அழகாக.

கட்டுரையில் பாதிப் பக்கம் எழுதி அடித்துவிட்டேன். செல்போனில் காட்டி விற்ற துணி பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். அப்போது தெரிந்துவிடும், எங்கே தப்பு என்று. வகுப்பில் டிவி போட்டு நான் இத்தனை நாள் காட்டியதில் எந்தப் பிள்ளையும் எதையும் திருப்பி அனுப்பவில்லை. அதைத்தான் நான் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். முதலிடம் வந்த பள்ளியைப் படம் எடுத்து இணையதளத்தில் போட வேண்டுமாம். ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும்.

திரவியம் சார் ஜெயமாலாவை முன்னால் தள்ளினார். வந்தவர் போனைப் பார்த்து, "இவங்க ஒம்பதாவது இடம் சார். முப்பிடாதின்னு ஒரு பொண்ணு தொண்ணூத்தாறு வாங்கியிருக்காங்களே. அவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

திரவியம் சார் என்னைப் பார்த்தார். நான் சார் முகத்தைப் பார்த்தேன். பிறகு சார் வகுப்புக்கு ஆள் அனுப்பினார்.

முப்பிடாதி வந்து நின்றாள். கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். விரித்தாள். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குப் பக்கம் தெரிந்தது. ஒட்டகத்தின் படம், கீழே பாலைவனத்தைப் பற்றி நாலு வரி. அவள் வரியில் விரலை வைத்தாள். வாசித்தாள்.

"மாலையில் மழை வந்தது. மாடத்தில் புறா ஒதுங்கியது. எனக்கும் இங்கே இடம் உண்டா என்று அணில் கேட்டது..."

ஆப்பில் வந்த பத்தி. நான் பதினோரு தடவை வாசித்தது. நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டாள். அணில் பேசும்போது நான் குரலை ஏற்றியதைப் போலவே ஏற்றினாள். கடைசி வரியில் நான் அவசரப்பட்டிருந்தேன், மணி ஆகிவிட்டதே என்று. அந்த அவசரமும் அப்படியே இருந்தது.

கேமராக்காரர் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர் விளக்கைப் பிடித்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செப்டம்பர் 21, சனி

ஜெசிந்தாவைத் தேடிப் பேருந்தில் போய்ப் பார்த்தேன். அவளிடமும் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும் என்று முகத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முப்பிடாதி வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருகிறேன், அவள் அம்மா சரி என்றால் போதும் என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பேச்சித்தாய் பீடி சுற்றுகிறார். தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எதுக்கு டீச்சர் டியூசன்? எம்மவ செல்லுல வந்திருக்காள்லா. தெருவே பாத்துட்டு."

"இல்லம்மா. அது... அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியலை. அது அவ மனப்பாடமாச் சொன்னது. அன்னைக்கு ஆப்புல வாசிச்சது நான். தப்பு எம்மேல."

கை நின்றது. "என்ன டீச்சர் பேசுதீய? அவ்வளவு பேருக்கு முன்னால புஸ்தகத்தைப் பாத்துல்லா வாசிச்சா? எனக்கு எழுத்து தெரியாதுதான். கண்ணு தெரியும்லா?"

"அவளையே கூப்பிட்டுக் கேளுங்க."

முப்பிடாதி கதவோரம்தான் நின்றாள். அம்மா கேட்டார். "ஏ புள்ள, உனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். "மிஸ்தான பாஸுன்னு சொன்னாவ" என்றாள்.

பேச்சித்தாய் போனை எடுத்து வீடியோவைப் போட்டார். புறா ஒதுங்கியது, அணில் கேட்டது. முழுவதும் ஓடி முடியும் வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "எம்புள்ள நல்லாருக்கது ஒங்களுக்குப் பொறுக்கலையாக்கும். நானும் அந்த ஜெசிந்தாவை நல்லவன்னு நெனைச்சேன். ஒரு வருசமா மக்குப் பிள்ளைகளோட ஒக்கார வச்சிருந்தா" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக வாசலில் நின்று பேசியே விற்றவள் நான். வேண்டாம் என்றவர்களை வாங்க வைத்திருக்கிறேன். இந்த வாசலில் ஒரு வார்த்தை எடுபடவில்லை.

செப்டம்பர் 25, புதன்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். பழையதையே. தாட்சண்யம் இல்லாத இயந்திரம் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டேன். கல்லூரியில் அந்த வீடியோவை இணைக்கச் சொன்னார்கள், இணைத்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

கடைசி நாள். திரவியம் சார் சான்றில் கையெழுத்துப் போட்டார். 'தொழில்நுட்பத்தைக் கையாள்வதில் மிகச் சிறப்பு' என்று எழுதியிருக்கிறார். "நல்லாருங்கம்மா" என்றார். இழுப்பறையில் இருக்கும் என் காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்திருந்தார்கள். ஜிகினா, ஸ்கெட்ச் பேனா, ரோஜாப்பூ. வரிசையாக வந்து கொடுத்தார்கள். ஜெயமாலாவின் அட்டையில், 'எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்ததற்கு நன்றி மிஸ், மொய் எழுதியதற்கும் நன்றி' என்று இருந்தது. சிரித்துக்கொண்டு வாங்கினேன்.

அவளுக்கு அடுத்து முப்பிடாதி. இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். அச்சடித்தது போன்ற கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. 'எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்ததற்கு நன்றி மிஸ், மொய் எழுதியதற்கும் நன்றி.'

இவளுக்கு அக்கா கிடையாது.

"யாரு எழுதுனது?" என்றேன்.

"நானேதான் மிஸ். ராத்திரி ஒக்காந்து எழுதுனேன்."

"என்ன எழுதியிருக்க, எனக்கு வாசிச்சுக் காட்டு."

கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றது. அவள் அட்டையை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அன்புள்ள மிஸ்ஸுக்கு. நீங்க போகாதீங்க. நீங்க போனா எனக்குப் படிக்கத் தெரியும்னு யாருக்கும் தெரியாது. இப்படிக்கு முப்பிடாதி."

வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், படி போடும் வரை நிற்பவளைப் போல.

"நல்லா வாசிச்ச" என்றேன்.

அவள் நகர்ந்தாள். அடுத்த பிள்ளை அட்டையை நீட்டியது.